எட்டாவது கண்ணாடித் தகடு

பொய் சொன்னீர்கள், டொக்டர். மேடையில் நின்று, போட்ட மாலையைக் கழற்றாமலே சொன்னீர்கள்.

போன மாதம் நம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் பழைய ஊழியர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஒன்றாகக் கூட்டியிருந்தார்கள். அங்கே நீங்கள், "நான் பொறுப்பாக இருந்த காலத்தில், நோய் இல்லாத ஒருவருக்கு நோய் என்று ஒரு ரிப்போர்ட் கூட இங்கிருந்து போனதில்லை" என்றீர்கள். இளம்பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து பேசியிருக்க வேண்டும். முழங்கால் வலியைச் சாக்காக வைத்து உட்கார்ந்தே இருந்துவிட்டேன். கூட்டம் கலைந்ததும் செயலாளர் வந்து, "நம்ம நினைவு மலருக்கு உங்க அனுபவங்கள எழுதிக் குடுங்க ஐயா, புதுப் பிள்ளைகளுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார். எழுதுகிறேன். டொக்டரும் மலரை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும்.

புதுப் பிள்ளைகளே, நிறமேற்றும் முறையை நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. சிவப்பை ஊற்றிச் சூடாக்கு, அமிலத்தால் கழுவு, நீலத்தை ஊற்று. காசநோய்க் கிருமி சிவப்பை விடாது, மற்றதெல்லாம் நீலமாகும். இரண்டு வாரத்தில் யாரும் பழகிவிடலாம். ஆனால் அந்தச் சிவப்பை எப்போது நம்பக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்காது. கண்ணாடித் தகட்டில் சளியைத் தடிப்பாகப் பூசினால் பொய் சொல்லும். அமிலத்தில் போதிய நேரம் வைக்காவிட்டால் பொய் சொல்லும். கழுவிக் கழுவிப் பாவித்த பழைய தகட்டின் கீறலுக்குள் சாயம் இறங்கி, கிருமி மாதிரியே படுத்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், நாள்பட்ட சிவப்பு மையின் அடியில் படிந்திருந்த பொடியைப் பார்த்துவிட்டு, கினிகத்தேனைக் கடைக்காரர் ஒருவருக்கு நோய் என்று எழுதிவிட்டேன். எனக்கு மேலே இருந்தவர் ஒருமுறை நுணுக்குக்காட்டிக்குள் குனிந்து பார்த்தார். "என்னப்பா, சாயக்கடைய வச்சுக்கிட்டு சயரோகம்னு எழுதுற? மைய வடிகட்டு மொதல்ல" என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டார். கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கடைக்குப் போனால் எனக்கு வெல்லம் போட்டுத் தேநீர் தருவார். என் தவறை இன்னொரு கண் பார்த்ததால் அவர் தப்பினார். அடுத்த வருடமே அந்த மனிதர் மாற்றலாகிப் போனார். அவருடைய நாற்காலியில் யாரையும் போடவில்லை. மைக்கும் தகட்டுக்கும் நான் ஒருவன், கையெழுத்துக்கு டொக்டர் ஒருவர் என்று ஆய்வுகூடம் ஓடியது.

இனி நான் சொல்ல வந்தது.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. ஆனி மாத மழை. மலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மழை தெரியும். பகலிலும் மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து மேசைமேல் இருக்கும். துவைத்த துணி நான்கு நாளுக்குக் காயாது. கண்ணாடித் தகடும் காயாது. மற்ற மாதங்களில் கழுவிய தகடுகளை மரச் சட்டத்தில் நிறுத்திவைத்தால் தானாகக் காய்ந்துவிடும். ஆனியில் அவை வியர்த்தபடியே நிற்கும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கந்தோரில், அலுவலக அறையில், மை ஒற்றுகிற ரோஜா நிறத் தடித்தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, ஈரத் தகட்டின்மேல் வைத்து ஓர் அழுத்து. ஈரம் போய்விடும். அடுத்த தகடு, அதே தாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். டொக்டரும் பார்த்துவிட்டு, "நல்ல யோசினை" என்றார்.

புதன்கிழமைகளில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சளி கொடுக்க ஆட்கள் பஸ்ஸில் வருவார்கள். அன்றைக்கே, பகல் பன்னிரண்டு மணிக்கு, நோய் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்கு வண்டி புறப்படும். வாரத்துக்கு ஒரு வண்டிதான். காலையில் வாங்கிய சளிக்குப் பகலுக்குள் பதில் எழுதிவிட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை எட்டாவதாக வந்தவள் பழனியம்மா. கொழுந்து எடுப்பவள், இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஏழு மாதப் பெண்குழந்தை. ராசாத்தி என்று கூப்பிட்டாள். சளி வாங்குகிற சன்னலின் கம்பியைக் குழந்தை பிடித்துக்கொண்டு விட மறுத்தது. நான் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இது சளியில்லை, எச்சில் என்றேன்.

"எச்சிதான் வருதுங்கய்யா. இல்லாத சளிக்கு நான் எங்க போறது? மழையில நனஞ்சு நாலு நாளு இருமுனா டீபியா? அப்படின்னா எங்க மலையில தொர வீட்டு நாயும் மிஞ்சாது. அதுவும்தான் இருமுது."

சன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுடைய மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "வாய அடக்கு. ஐயா எழுதுறதுலதான் நம்ம பயணம் இருக்கு" என்றார்.

பயணம் என்றது இந்தியாவுக்கு. மாமனார் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு. இங்கே தங்கும் அனுமதி முடிந்துகொண்டிருந்தது. அந்த மாத முடிவில் தலைமன்னாரில் கப்பல் ஏறுவதாக நாள் குறித்தாயிற்று. பழனியம்மாவும் குழந்தையும் அதே பத்திரத்தில் இருந்தார்கள். காசநோய் உள்ளவரைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். இருமுகிறாளே என்று, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் அனுப்பியிருந்தார்.

ஏழாவது தகடு ஒரு வயதான கங்காணியுடையது. பார்த்த இடமெல்லாம் சிவப்பு. எட்டாவதைப் பார்த்தேன். நீலம், நீலம், நீலம். ஓர் ஓரத்தில் நான்கு சிவப்புக் கோல்கள்.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அந்தக் கோல்கள் தெளிவாகத் தெரிந்தபோது அவற்றுக்குக் கீழே இருந்த சளியின் அணுக்கள் மங்கலாகத் தெரிந்தன. நுணுக்குக்காட்டியின் திருகை ஒரு மயிரளவு திருப்பினேன். அணுக்கள் தெளிந்தன, கோல்கள் மங்கின. சளிக்குள் இருக்கும் கிருமி சளியோடு சேர்ந்துதான் தெரிய வேண்டும். இவை மேலே உட்கார்ந்திருந்தன. மேசைமேல் விழுந்த தூசி மாதிரி. என் கண் அதைப் பார்த்தது. இன்னொரு தகடு பூசிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் அப்போதே பதினொன்றரை.

டொக்டர் கதவில் வந்து நின்றார். "முடிஞ்சுதோ?"

"எட்டாம் நம்பர்ல நாலு இருக்குங்க. ஆனா..."

"இருந்தால் இருக்கு. இருக்குதெண்டு எழுதும். வண்டி நிக்குது."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளைகளே, என் நாற்பது வருட வேலையில் அந்த ஒரு சொல்லைத்தான் நான் முடித்திருக்க வேண்டும்.

வராந்தாவில் மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார். பழனியம்மா அழவில்லை. வண்டியின் படியில் ஏறி நின்று, திரும்பி, "அத்த, கஞ்சித் தண்ணிய ஆத்திக் குடுங்க, சூடா குடுத்துறாதீங்க. தூங்கலேன்னா குப்புறப் போட்டுத் தட்டுங்க" என்றாள். மார்புப் பக்கம் சேலை நனைந்திருந்தது. வண்டி போய் வெகுநேரம் வரைக்கும் அந்தக் குழந்தையின் குரல் கேட்டது. நான் உள்ளே போய்த் தகடுகளைக் கழுவினேன்.

ஆறு நாள் கழித்து, எங்கள் ஆய்வுகூடத்தைக் கூட்டுகிற சோமா, குப்பைக்குப் போடவிருந்த ஒற்றுத்தாளை என் முன்னால் நீட்டினாள். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழ் அவள் வழியில் பேசுவாள், ஐயாவுக்கு மாத்தயா என்பாள்.

"மாத்தயா, இது எல்லாத்துக்கும் ஒரே கடதாசிதானா?"

"ஆமா. ஏன்?"

"நம்ம வீட்டுல மொளகா தட்டு தொடச்ச துணியில பால் கோப்ப தொடச்சா, புள்ள குடிக்குமா?"

தாளைப் பார்த்தேன். அடுக்கடுக்காக நீல வட்டங்கள், இடையில் சிவப்புக் கறை. போன புதன்கிழமைத் தாள்தான். ஒன்றின்மேல் ஒன்று, அன்றைய தகடுகள் அத்தனையும் அதில் முத்திரை குத்தியிருந்தன.

பிரிக்காத பெட்டியிலிருந்து புதுத் தகடு ஒன்றை எடுத்தேன். தண்ணீரில் நனைத்தேன். அந்தத் தாளை வைத்து அழுத்தினேன். யாருடைய சளியும் படாத தகடு. நுணுக்குக்காட்டியில் வைத்துத் தேடினேன். அரை மணி நேரத்தில் மூன்று சிவப்புக் கோல்கள்.

கங்காணியின் கிருமி அது. என் கெட்டிக்காரத்தனம்தான் அதை ஏழிலிருந்து எட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

அன்று மாலையே டொக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். "கப்பலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்குங்க. நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போட்டா, அங்க திரும்பப் பார்ப்பாங்க. தோட்டத்துக்கும் ஒரு வரி எழுதினா, அந்தப் பொண்ணு புள்ளையோட போயிரும்" என்றேன்.

அவர் கடிதத்தை வாசித்தார். மடித்தார்.

"உமக்கென்ன விசரோ? ஒரு ரிப்போர்ட்டைத் திருப்பி எடுத்தால் நாளைக்கு எங்கட ஒரு ரிப்போர்ட்டையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"தப்பு என்னோடதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க."

"இஞ்ச பாரும். நோய் இருக்கிற ஆளுக்கு இல்லையெண்டு எழுதினால்தான் ஆள் சாகும். இல்லாத ஆளுக்கு இருக்கெண்டு எழுதினால் ஆர் செத்தது? மூண்டு மாசம் கட்டிலில படுத்து, முட்டையும் பாலும் குடிச்சுப்போட்டு வருவா."

"அந்தக் கைப்புள்ள இருக்குங்க..."

"எழுதுறன், எழுதுறன். நீர் போய் வேலையைப் பாரும்."

எழுதுகிறேன் என்று சொன்னீர்கள், டொக்டர். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. எட்டு மைல் நடந்தால் அவர்களுடைய லயம், தோட்டத்து வரிசை வீடு. நானே போய் அந்த மாமியாரிடம் சொல்லியிருக்கலாம். நோயாளியின் வீட்டுக்காரரிடம் ஆய்வுகூடத்துக்காரன் பேசக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். இதை உங்கள்மேல் போடவில்லை. இது என்னுடையது.

கப்பல் போனது. அவள் புருஷன், அப்பன் சொல்லைத் தாண்டாதவன். குழந்தையையும் கொண்டுபோய்விட்டார்கள்.

நான்கு மாதம் கழித்துப் பழனியம்மா சன்னலுக்கு வந்தாள். சுகமாகிவிட்டது என்று சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மாதாமாதம் எங்களிடம் சளி கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவள் கையிலிருந்த ஆஸ்பத்திரித் தாள்களைக் கட்டோடு வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே கிருமி இல்லை, இல்லை, இல்லை என்றுதான் இருந்தது. எங்கள் ரிப்போர்ட்டை நம்பித்தான் அவளை அங்கே வைத்திருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போன கடிதம் ஒன்றும் அந்தக் கட்டில் இல்லை.

"என்னங்கய்யா அப்படித் தேடுறீங்க? எம் புள்ள அதுக்குள்ளயா இருக்கு?" என்றாள்.

மாதத்துக்கு ஒரு தடவை வந்தாள். சளிப் பரிசோதனை தேவையில்லாமல் போன பிறகும் வந்தாள். என் அப்பா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர் என்று எப்படியோ தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஐயா போய் அண்ணன் ஆகிவிட்டேன். மாரியம்மன் திருவிழா முடிந்ததும் திருநீறும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவருவாள். "நீங்க அன்னைக்குக் கண்டுபிடிக்கலேன்னா நான் செத்துருப்பேன்ல" என்பாள். நான் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டேன்.

இந்தியாவுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்வாள். சன்னலுக்கு வெளியே நின்று அவள் சொல்லச் சொல்ல, உள்ளே உட்கார்ந்து நான் எழுதுவேன். "பல்லு மொளச்சிருச்சான்னு கேளுங்கண்ணே. மொத மயிர் எடுத்தாங்களான்னு கேளுங்க. நான் நல்லாயிட்டேன்னு பெருசா எழுதுங்க, சின்ன எழுத்தா இருந்தா அத்தைக்குக் கண்ணு தெரியாது." ஒரே ஒரு பதில் வந்தது. பிள்ளை நடக்கிறது, சித்தியை அம்மா என்கிறது, நீ கவலைப்பட வேண்டாம் என்று. அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். 'சித்தியை அம்மா என்கிறது' என்ற வரியை விட்டுவிட்டு வாசித்தேன். தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள். "நாலு வரி வாசிச்சீங்க, அஞ்சு வரி இருக்கே" என்றாள். வாசித்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரவில்லை.

அந்த இரண்டு மாதமும் பஸ் வரும் நேரத்துக்குச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. அவள் வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று இருப்பேன். வருவாள். ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாள். சொல்லமாட்டேன். போய்விடுவாள். மேகம் இறங்கிய தேயிலைக்குள் அவள் தலையில் போட்ட கம்பளி மறைகிறவரை பார்ப்பேன். அப்புறம் அடுத்த மாதத்துக்குக் காத்திருப்பேன். இப்போதும், எழுபது தாண்டியும், காலை பஸ் சத்தம் கேட்டால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது.

எட்டு வருடம் இப்படிப் போனது. அறுபதுகளின் நடுவில், இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும், உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, அவளுக்கும் இந்தியப் பத்திரம் கிடைத்தது. எத்தனையோ கந்தோர் படி ஏறி வாங்கினாள். முன்பு நோய் இருந்தவள் என்று பதிவு இருந்ததால், இப்போது இல்லை என்று எங்கள் ஆய்வுகூடம் சான்று தர வேண்டும்.

அதுவும் ஆனி மாதம்தான். அவளுடைய ஒரே ஒரு தகடு. தாளைத் தொடவில்லை. மரச் சட்டத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். இரண்டரை மணி நேரம். அவள் வராந்தாப் பலகையில் உட்கார்ந்து, "என்னண்ணே, தகடு காயுதா முட்ட பொரிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காய்ந்ததும் பார்த்தேன். ஓரம் விடாமல் பார்த்தேன். பிறகு சட்டத்தை மீறி அவளை உள்ளே கூப்பிட்டு நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கச் சொன்னேன்.

நெடுநேரம் பார்த்தாள். "நீலமா இருக்கு. ஆகாசம் மாதிரி."

"அதான். ஒன்னுமில்ல."

"கிருமி என்ன நெறம்?"

"சிவப்பு."

கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அன்னைக்கு இருந்துச்சா?"

எட்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. கதவு சாத்தியிருந்தது. டொக்டர் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார். எனக்குப் பயப்பட யாரும் இல்லை. ஒரு சொல் போதும்.

"இருந்துச்சு" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். முகம் லேசாகிவிட்டிருந்தது. "அப்ப சரிண்ணே. புள்ள கேட்டா சொல்லலாம்ல, ஆத்தா ஒன்னய சும்மா விட்டுட்டுப் போகல, ஒடம்புல கெடந்துச்சு, அதுனாலதான்னு. இத்தன வருசமா எனக்கே சந்தேகமா இருந்துச்சு. எச்சியத்தானே துப்புனோம்னு."

போய்விட்டாள். அதன்பின் கடிதம் இல்லை. பிள்ளையைக் கண்டாளா என்று தெரியாது. கண்டிருந்தால், என் பொய்யைத்தான் மகளுக்குக் காரணமாகச் சொல்லியிருப்பாள். அவளுக்கு நல்லது செய்தேன் என்று பல காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை, கோழைத்தனம். இன்னொரு முறை அவள் அந்தச் சன்னலில் வந்து நின்றால் போதும். திட்டட்டும், காறித் துப்பட்டும், இந்த முறை எச்சிலென்று சொல்லித் திருப்பி அனுப்பமாட்டேன்.

பிள்ளைகளே, கிருமி இல்லை என்று எழுதுமுன் நூறு தடவை பார் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். சரிதான். இருக்கிறது என்று எழுதுமுன்பும் பாருங்கள். ஒரு தகட்டில் நான்கே நான்கு கிருமி இருந்தால், அதற்கு முந்திய தகடு யாருடையது என்று பாருங்கள். கிருமியும் சளியும் ஒரே திருகில் தெளிகின்றனவா என்று பாருங்கள். வண்டி நிற்கிறது என்று யாராவது சொன்னால் நிற்கட்டும் என்று சொல்லுங்கள். இருக்கிறது என்று எழுதினால் ஆர் செத்தது என்று கேட்பவர்களிடம் இதை வாசிக்கக் கொடுங்கள்.

டொக்டர், உங்களுக்கும் வயதாகிவிட்டது, எனக்கும்தான். வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். அந்த வார்த்தையை மேடையில் சொன்னீர்கள், பதிலையும் மேடையில் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில், கைதட்டிய அதே பிள்ளைகளின் முன்னால். நான் தந்த கடிதத்தை மடித்து எங்கே வைத்தீர்கள்? நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதினீர்களா, இல்லையா? பிறகு பழனியம்மா கேட்டதற்கும் பதில் சொல்லுங்கள். நான் அவளுக்குச் சொன்னதை இதோ எல்லோர் முன்னாலும் திருப்பி எடுக்கிறேன். இருக்கவில்லை. எட்டாவது தகட்டில் அவளுடைய கிருமி ஒன்றுகூட இருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்கு இருந்ததா?